கடலடி உப்பும் உப்புக் குளங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலின் தரைக்குக் கீழே கிலோமீட்டர் கணக்கில் உப்பு படிந்து கிடக்கிறது, சில இடங்களில் அது கரைந்து கடலுக்குள்ளேயே தனிக் குளமாகத் தேங்கி நிற்கிறது என்று சொன்னால் பலர் முதலில் நம்புவதில்லை. நம்பிவிட்டால் கேள்விகளை நிறுத்துவதும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்து, கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

தண்ணீருக்குள் குளமா? கலக்காமல் எப்படி நிற்கிறது?

எடைதான் காரணம். சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். இந்தக் குளங்களில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு முதல் எட்டு மடங்கு வரை இருக்கும். உப்பு ஏற ஏறத் தண்ணீர் கனக்கும். ஒரு லிட்டர் கடல்நீர் 1.03 கிலோ என்றால், இதற்கு மேல் உப்பு கரையாது என்ற நிலைக்கு வந்த கரைசல் ஏறக்குறைய 1.2 கிலோ. கனமானது பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது, லேசானது அதன் மேலே நிற்கிறது.

எண்ணெயும் தண்ணீரும் போல என்று சிலர் சொல்வார்கள், அது முழுச் சரியில்லை. எண்ணெயும் தண்ணீரும் கலக்கவே மாட்டா. இவை இரண்டும் கலக்கக்கூடியவைதான், ஆனால் அங்கே கலக்கிவிட எதுவும் இல்லை. மேலே அடிக்கும் அலை அந்த ஆழத்துக்கு எட்டாது, நீரோட்டமும் பள்ளத்துக்கு மேலேயே நழுவிப் போய்விடும். உப்பு தானாக ஊறிப் பரவ வேண்டும் என்றால் 10 மீட்டர் தூரத்துக்கே ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால்தான் குளத்துக்கு ஒரு தெளிவான மேற்பரப்பு இருக்கிறது, கரை இருக்கிறது, நீர்மூழ்கி பக்கத்தில் போய் லேசாக இடித்தால் அந்தப் பரப்பில் அலைகூட எழுகிறது. கடலுக்கு அடியில் ஒரு அலை கரையைத் தொடுவதை முதல்முறை வீடியோவில் பார்த்தபோது நான் நாலைந்து தடவை திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது?

வற்றிய கடல்களிலிருந்து. உப்பளத்தில் நடப்பதுதான், ஆனால் பாத்தியின் அளவு ஒரு கடல். கண்டங்கள் பிரியும்போதோ நெருங்கும்போதோ ஒரு கடல் பெருங்கடலிலிருந்து முழுதாகவோ முக்கால்வாசியோ துண்டிக்கப்பட்டுவிடும். மழையும் ஆறுகளும் கொண்டுவருவதைவிட வெயில் அதிகமாகக் குடித்தால் மட்டம் இறங்கிக்கொண்டே போகும், கரைசல் செறிந்துகொண்டே வரும், ஒரு கட்டத்துக்குப் பிறகு உப்பு படியத் தொடங்கும்.

இதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் சுண்ணாம்பு படியும். தண்ணீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் வரும். பத்தில் ஒரு பங்கு மிஞ்சும்போதுதான் நாம் சாப்பிடும் உப்பு. கடைசியாக மிஞ்சும் கசப்புத் தண்ணீரிலிருந்து பொட்டாசிய, மெக்னீசிய உப்புகள். உப்புப் பாறையை வெட்டிப் பார்த்தால் கடல் எந்தக் கட்டம் வரை வற்றியது என்பதை அடுக்குகளை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரு தடவை வற்றினால் அவ்வளவு உப்பு கிடைக்குமா?

கிடைக்காது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சரியான இடத்தில் கை வைக்கிறார்கள். 1,000 மீட்டர் ஆழமுள்ள கடல் முழுதாகக் காய்ந்தால் மிஞ்சும் உப்பு 16, 17 மீட்டர்தான். மத்தியதரைக் கடலின் சராசரி ஆழம் சுமார் 1,500 மீட்டர், அப்படியென்றால் 25 மீட்டர் உப்பு. ஆனால் அதன் தரைக்குக் கீழே இருப்பதோ ஒரு கிலோமீட்டருக்கு மேல், சில இடங்களில் இரண்டு கிலோமீட்டரையும் தாண்டுகிறது.

1970-ல் குளோமர் சேலஞ்சர் என்ற துளையிடும் கப்பல் மத்தியதரைக் கடலுக்குப் போனது. கென்னத் சூ, வில்லியம் ரயன், மரியா பியாங்கா சீட்டா போன்ற புவியியலாளர்கள் அதில் இருந்தார்கள். ஒலி அலை ஆய்வில் தரைக்குக் கீழே ஏதோ ஒரு கெட்டியான அடுக்கு இருப்பது முன்பே தெரியும், அது என்ன என்றுதான் தெரியாது. துளையிட்டு எடுத்தால் ஜிப்சமும் உப்பும் வந்தன. அதிலிருந்து பிறந்த கதைதான் மெசினியன் உப்பு நெருக்கடி: 59.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 53.3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு முடிந்த ஒரு காலம். அட்லாண்டிக்கோடு இருந்த தொடர்பு சுருங்கிப்போய், உள்ளே வந்த நீர் காய, மறுபடி வர, மறுபடி காய என்று சுமார் 10 லட்சம் கன கிலோமீட்டர் உப்பு படிந்தது. உலகக் கடல்கள் அனைத்திலும் கரைந்திருக்கும் உப்பில் அது ஏறக்குறைய 5 சதவீதம்.

கடல் அடி தெரியுமளவுக்கு முழுதாக வற்றியதா, இல்லை ஆழமான உப்புக் கரைசல் நிறைந்து நின்று அதற்குள்ளேயே உப்பு படிந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. எப்படி இருந்தாலும் அட்லாண்டிக் நீர் தொடர்ந்து உள்ளே வந்துகொண்டிருக்காவிட்டால் கணக்கு உதைக்கும்.

சரி, உப்பு கரையும் பொருள்தானே? மேலே கடல் இருக்கும்போது ஏன் கரைந்து போகவில்லை?

மூடிவிட்டதால். சேறும் களிமண்ணும் அதன் மேல் படிந்து, காலப்போக்கில் நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்தில் போர்வை போலப் போர்த்திவிடுகின்றன. அந்தப் போர்வை வழியாகப் புதிய கடல்நீர் உப்பைத் தொட முடியாது. உப்பு படிந்த காலத்தில் மேலே நின்ற நீரே உப்பால் நிறைந்திருந்ததால் அதனாலும் கரைக்க முடியவில்லை. போர்வை கிழியும் இடத்தில் மட்டும்தான் கரைகிறது, அந்த இடங்களில்தான் குளங்கள் உண்டாகின்றன.

உப்பு நகரும் என்கிறார்கள். பாறை எப்படி நகரும்?

என்னைக் கேட்டால் இந்த விஷயத்திலேயே மிக அழகான பகுதி இதுதான். உப்பு கையில் எடுத்தால் உடையும், சுத்தியலால் அடித்தால் தூளாகும். ஆனால் பல்லாயிரம் ஆண்டுகள் தொடர்ந்து அழுத்தினால் அது கெட்டியான பாகு போல ஒழுகும்.

மற்ற மண் அடுக்குகள் புதையப் புதைய நீரை இழந்து இறுகிக் கனமாகின்றன. உப்பு அப்படி இறுகாது, எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் அதன் அடர்த்தி ஏறக்குறைய லிட்டருக்கு 2.16 கிலோவிலேயே நிற்கும். ஒரு கட்டத்தில் மேலே இருக்கும் மண் கீழே இருக்கும் உப்பைவிடக் கனமாகிவிடும். மண்ணின் பாரம் எல்லா இடத்திலும் ஒரே அளவு இருப்பதில்லை. ஆற்று வண்டல் அதிகமாகக் குவியும் இடத்தில் உப்பு நசுங்கி, பாரம் குறைந்த பக்கமாகப் பிதுங்கி, எங்கே பலவீனம் இருக்கிறதோ அங்கே மேலே ஏறத் தொடங்கும். இப்படித்தான் உப்புத் தூண்களும் குமிழ்களும் உருவாகின்றன. சிலவற்றின் உயரம் பல கிலோமீட்டர்.

மெக்சிகோ வளைகுடாவில் சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த லுவான் என்ற உப்பு அடுக்கு இருக்கிறது. மிசிசிப்பி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலின் பாரத்தில் அந்த உப்பு மேலே ஏறி, ஏறிய பிறகு பக்கவாட்டில் பரவி, தன்னைவிட இளைய மண்ணின் மேலேயே விரிப்பு போலப் படர்ந்துவிட்டது. அந்த விரிப்பின் விளிம்புதான் கடலடியில் சிக்ஸ்பீ சரிவு என்ற பெரிய செங்குத்தான பகுதி. நிலத்திலும் இதைப் பார்க்கலாம், ஈரானின் சாக்ரோஸ் மலைகளில் உப்பு தரையைக் கிழித்து வெளியே வந்து, பனியாறு போலச் சரிவில் இறங்கிக் கிடக்கிறது.

அப்புறம் குளம் எப்படி உண்டாகிறது?

ஏறி வரும் உப்பு கடல்தரைக்குப் பக்கத்தில் வந்ததும் மேலே இருக்கும் மண் விரிசல் விடும், சரியும். கடல்நீர் உப்பைத் தொட்டுவிடும். கரைந்து கனமான நீர் பக்கத்துப் பள்ளத்தில் வழிந்து சேரும். பல சமயம் அந்தப் பள்ளத்தை உருவாக்கியதும் உப்புதான், ஓர் இடத்தில் உப்பு விலகினால் அங்கே தரை உள்வாங்குகிறது. இன்னொரு வழி, ஆழத்தில் மண்ணுக்குள் சிறைப்பட்ட உப்புநீர் மீத்தேனோடு சேர்ந்து அழுத்தத்தில் மேலே பீறிட்டு வந்து ஒரு பள்ளத்தை நிரப்புவது. சிறிய குளங்கள் பல இந்த வகை.

எங்கெல்லாம் இருக்கின்றன?

முக்கியமாக மூன்று இடங்கள்: மெக்சிகோ வளைகுடா, செங்கடல், கிழக்கு மத்தியதரைக் கடல்.

மெக்சிகோ வளைகுடாவின் ஓர்க்கா படுகைதான் பேர்போனது. 2,200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே, சுமார் 120 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஏறக்குறைய 200 மீட்டர் ஆழத்துக்கு உப்புக் கரைசல் நிற்கிறது. குளம் என்று சொல்ல வாய் வரவில்லை, அது ஏரி. அதே வளைகுடாவில் 650 மீட்டர் ஆழத்தில் என்ஆர்-1 என்ற குளம், அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி நீர்மூழ்கியின் பெயரால் அழைக்கப்படுகிறது.

மத்தியதரைக் கடலில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே லத்தாலந்த், யுரேனியா, டிஸ்கவரி, பேனாக், டைரோ என்று பல உண்டு. இந்தப் பெயர்கள் எல்லாம் ஆராய்ச்சிக் கப்பல்களின் பெயர்கள். இவற்றில் டிஸ்கவரி தனி ரகம். மற்றவை சாப்பாட்டு உப்பின் கரைசல், இது கிட்டத்தட்ட முழுக்க மெக்னீசியம் குளோரைடு. கடல் வற்றியபோது கடைசிக் கடைசியாகப் படிந்த அந்தக் கசப்பு உப்பு, 50 லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி கரைந்து நிற்கிறது.

சூடாக இருக்குமா?

பெரும்பாலும் சுற்றியுள்ள கடலைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். விதிவிலக்கு செங்கடல். அங்கே கடல்தரை பிளந்து விலகிக்கொண்டிருப்பதால் கீழிருந்து எரிமலைச் சூடு வருகிறது. அட்லாண்டிஸ் II என்ற பள்ளத்தில் 1960-களின் நடுவில் அளந்தபோது 56 டிகிரி செல்சியஸ். பிற்பாடு அது 60 டிகிரியைத் தாண்டி 68 வரை ஏறியது. இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், வெளிச்சமே இல்லாத இடத்தில், கை வைத்தால் சுடும் உப்புநீர்.

அதற்குள் மீன் போனால் என்ன ஆகும்?

உள்ளே ஆக்சிஜன் கிடையாது. பல குளங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சும் கலந்திருக்கும். உப்பின் செறிவு உடம்பிலிருந்து நீரை இழுத்துவிடும். ஆழ்கடல் விலாங்குகள் கரையில் இரை தேடிப்போய், உள்ளே மூழ்கி, வெளியே வந்து துடித்து உடம்பை முடிச்சுப் போட்டுக்கொள்வது கேமராவில் பதிவாகியிருக்கிறது, பார்க்கவே கஷ்டமாக இருக்கும். மெக்சிகோ வளைகுடாவில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் ஒரு சிறிய குளம் இருக்கிறது, சுற்றிலும் நாலைந்து டிகிரி குளிர், குளத்துக்குள் மட்டும் 19 டிகிரி. விரக்தியின் வெந்நீர்த் தொட்டி என்ற பொருளில் ஆய்வாளர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். உள்ளே விழுந்த நண்டுகள் ஊறுகாய் போட்டது போல அப்படியே கிடந்தன.

நீர்மூழ்கியால் எளிதில் உள்ளே போக முடியாது. கடல்நீருக்கு ஏற்றபடி எடை சரிசெய்யப்பட்ட வண்டி, இந்தக் கரைசலின் மேல் மிதந்துவிடும். கடலுக்குள் மூழ்கியபடியே ஒரு ஏரியில் மிதப்பது, யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் அங்கே உயிரே இல்லையா?

கரையோரம் உயிர் நிறைந்து வழிகிறது. என்ஆர்-1 குளத்தைச் சுற்றிச் சிப்பிகள் வேலி கட்டியது போல நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் செவுள்களில் மீத்தேனைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. கீழே குளத்திலிருந்து மீத்தேன், மேலே கடலிலிருந்து ஆக்சிஜன், இரண்டும் சந்திக்கும் கோட்டில் சிப்பிக்கு இடம். சூரியனோடு நேரடித் தொடர்பே இல்லாத ஒரு சாப்பாட்டுப் பந்தி. கோட்டைத் தாண்டி உள்ளே சரிந்தால் சாவு, ரொம்ப விலகினால் பட்டினி.

குளத்துக்குள்ளே நுண்ணுயிர்கள் வாழ்கின்றன, இதில் சந்தேகமில்லை. விலங்கு வாழ முடியுமா என்பதுதான் பெரிய கேள்வி. 2010-ல் இத்தாலிய ஆய்வாளர்கள், லத்தாலந்த் படுகையின் சேற்றில் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய லோரிசிஃபெரா வகை விலங்குகள் ஆக்சிஜனே இல்லாமல் வாழ்ந்து முட்டையும் வைத்திருப்பதாக அறிவித்தார்கள். உண்மை என்றால் பெரிய விஷயம். ஆனால் பிறகு அங்கே ஆய்வு செய்த வேறு குழு, அவை மேலிருந்து விழுந்து கெடாமல் இருந்த செத்த உடல்களாக இருக்கலாம் என்று சந்தேகம் கிளப்பியது. எனக்கு அவை உயிரோடு இருக்க வேண்டும் என்று ஆசை. ஆதாரம் இன்னும் போதவில்லை என்பதே நேர்மையான பதில்.

உள்ளே விழுந்தது அழுகவே அழுகாதா?

மிக மிக மெதுவாக. ஓர்க்கா படுகையின் அடிச்சேற்றிலிருந்து எடுத்த சர்காசம் கடற்பாசி, அது வாழ்ந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் உருக்குலையாமல் இருந்தது. சேற்றைத் துளைக்கும் புழுக்களோ நண்டுகளோ இல்லாததால் அடுக்குகளும் கலைவதில்லை. 2020-ல் செங்கடலின் வடகோடியில் அகபா வளைகுடாவில் 1,770 மீட்டர் ஆழத்தில், கரையிலிருந்து வெறும் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் குளங்களைக் கண்டுபிடித்தார்கள். மயாமி பல்கலைக்கழகத்தின் சாம் பர்க்கிஸ் குழு அங்கே எடுத்த சேற்றுத் தூணில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளங்களும் சுனாமிகளும் ஏடு ஏடாகப் பதிந்திருந்தன. பக்கத்திலேயே சாதாரணக் கடல்தரையில் எடுத்தால் அந்தப் பதிவு கிடைக்காது, புழுக்கள் உழுதிருக்கும்.

தென்துருவத்தில் கடலுக்குள் தொங்கும் உப்புப் பனிக்குழாய்களும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது கடல்நீர் உறையும்போது வெளியேறும் உப்புக் கரைசல். நிலத்தடி உப்போடு சம்பந்தமில்லை.

எண்ணெய் நிறுவனங்கள் ஏன் உப்பைத் தேடுகின்றன?

உப்பு வழியாக எண்ணெயோ எரிவாயுவோ கசியாது. ஒழுகும் தன்மை இருப்பதால் விரிசல் விட்டாலும் தானே அடைத்துக்கொள்ளும், இதைவிட நல்ல மூடி கிடைக்காது. பிரேசிலின் சாண்டோஸ் படுகையில் 2006-ல் கண்டுபிடித்த துப்பி எண்ணெய் வயலுக்குப் போக இரண்டு கிலோமீட்டர் தண்ணீர், அப்புறம் மண், அப்புறம் சுமார் இரண்டு கிலோமீட்டர் உப்பு, இத்தனையையும் துளைக்க வேண்டும். இன்று பிரேசிலின் எண்ணெயில் முக்கால் பங்கு உப்புக்குக் கீழிருந்துதான் வருகிறது. தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பிரிந்துகொண்டிருந்த காலத்தில், சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன், நடுவில் இருந்த குறுகிய கடலில் படிந்த உப்பு அது. அதன் மறுபாதி அங்கோலா கரையோரம் கிடக்கிறது.

கடலுக்கு அடியில் போய் உப்பை வெட்டுகிறார்களா?

ஆமாம். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் பவுல்பி சுரங்கம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இறங்கி, வட கடலுக்கு அடியில் நீள்கிறது. உர உப்புக்காகத் தோண்டியது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய செக்ஸ்டைன் கடலின் மிச்சம். மேலிருக்கும் பாறை அண்டக் கதிர்களைத் தடுப்பதால் விண்வெளியில் கண்ணுக்குத் தெரியாமல் பரவிக் கிடப்பதாகக் கருதப்படும் கரும்பொருளைத் தேடும் ஆய்வகமும் அங்கே வைத்திருக்கிறார்கள்.

தண்ணீரும் உப்புச் சுரங்கமும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு, கடல் இல்லை, ஏரிதான் என்றாலும், 1980 நவம்பர் 20-ஐச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் பெய்னியர் ஏரியில் எண்ணெய்க்காகத் துளையிட்டவர்கள், கீழே இருந்த உப்புச் சுரங்கத்தில் ஓட்டை போட்டுவிட்டார்கள். ஏரி முழுதும் உள்ளே இறங்கியது, உப்பைக் கரைத்து ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே இறங்கியது. ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் கால்வாய் திசை மாறி ஓடியது. துளையிடும் மேடையும் 11 தோணிகளும் சுழலுக்குள் போயின. சுரங்கத்தில் இருந்த 55 பேரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள்.

குளங்களின் அடியில் உலோகம் இருக்கிறதாமே, எடுக்கலாமா?

இருக்கிறது. அட்லாண்டிஸ் II பள்ளத்தின் சேற்றில், உப்பும் நீரும் நீக்கிய கணக்கில் ஏறக்குறைய 9 கோடி டன், அதில் சுமார் 2 சதவீதம் துத்தநாகம், அப்புறம் செம்பு, வெள்ளி. எரிமலைச் சூட்டில் பாறையிலிருந்து கரைந்து வந்த உலோகம், கடலோடு கலந்து சிதறிப் போகாமல் உப்புக் கரைசலுக்குள் சிக்கிப் படிந்தது. சவூதி அரேபியாவும் சூடானும் 1970-களில் கூட்டு ஆணையம் அமைத்து, 1979-ல் சேற்றைக் குழாய் வழியாக மேலே இழுத்தும் சோதித்தார்கள். முடியும் என்று தெரிந்துவிட்டது.

எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. சேற்றை உறிஞ்சி, வேண்டாததைத் திருப்பிக் கொட்டினால் அந்தக் கசடு எங்கே போய்ப் படியும், பவளத்தை என்ன செய்யும் என்ற கவலை ஒருபக்கம். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், கலைந்த அடுக்கை யாராலும் திரும்ப அடுக்க முடியாது என்பது. துத்தநாகம் வேறு இடத்திலும் கிடைக்கும்.

புதுக் குளத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டு. அடர்த்தி திடீரென்று மாறும் இடத்திலிருந்து ஒலி திரும்பி வரும் என்பதால், குளத்தின் மேற்பரப்பே ஒரு தரை போல, அதுவும் அசாதாரணமாகத் தட்டையான தரை போலத் திரையில் தெரியும். அதற்குக் கீழே இன்னொரு எதிரொலி வந்தால் அதுதான் உண்மையான தரை. பிறகு கேமராவோடு ஒரு இயந்திர வண்டியை இறக்குகிறார்கள். சில ஆய்வுக் கப்பல்கள் இந்த இறக்கங்களை இணையத்தில் நேரலையாகவே ஒளிபரப்புகின்றன. மணிக்கணக்கில் வெறும் சேறுதான் ஓடும், பொறுமையாக இருங்கள்; சிப்பி வேலி கண்ணில் பட்டதும் ஓட்டுபவர் வண்டியை நிறுத்துவார், அதற்கு அந்தப் பக்கம் கரை தெரியும்.